கொள்ளும் அளவும் கொடுக்கும் அளவும்

விபத்தில் சேதமுற்ற பொருளுக்குக் காப்பீட்டு நிறுவனம் மதிப்பிட்ட தொகை குறைவு என்று தோன்றினால், இல்லறத்தான் அதனை மறுத்து வாதாடலாமா? வாதாடுவது உலோபத்தின் செயலா? வாதாடாமல் விட்டுவிடுவது பொறுமையா, சோம்பலா? சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இவ்வினாவை நாம் பிறர் வீட்டுச் செய்தியாகவே கேட்டு வந்தோம். பின்னர் அது நம் வாசலுக்கே வந்து நின்றது. அன்று நாம் எண்ணியவற்றையும், செய்த பிழையையும், திருத்திக்கொண்டதையும் நம் குடும்பங்களின் முன் வைப்பது பயன்தரும் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

ஐப்பசி மழை பெய்த ஒரு மாலையில், வந்தவாசியிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில் நம் குடும்பத்துக் கார் வழுக்கிச் சென்று ஓரத்துப் புளியமரத்தில் மோதியது. நல்வினைப் பயனால் எவ்வுயிருக்கும் தீங்கு நேரவில்லை. காரின் முன்புறம் நசுங்கியது. முன் கண்ணாடி உடைந்தது. வண்டிக்கு அப்போது ஏழாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது.

பழுது பார்க்கும் பட்டறைக்காரர் ரூ. 86,400க்கு மதிப்பீடு எழுதினார். எழுதும்போது, "பின் கதவில் பழைய நசுங்கல் ஒன்று இருக்கிறதே சார், அதையும் இதிலேயே சேர்த்துவிடுகிறேன். இன்சூரன்ஸ்காரர்கள் எப்படியும் பாதியை வெட்டுவார்கள்" என்றார். அந்த நசுங்கல் வைக்கோல் வண்டி உரசியதால் முன்பே ஏற்பட்டது. நாம் மறுக்கவில்லை, தலையசைத்து வந்துவிட்டோம். நிறுவனம் அனுப்பிய சர்வேயர் வந்து பார்த்தார், படமெடுத்தார், குறித்துக்கொண்டார். சில வாரங்களில் தொகை தெரிந்தது: ரூ. 43,200. பட்டறைக்காரர் சொன்னபடியே சரிபாதி!

நம் இல்லத்தில் அன்றிரவு இரண்டு கருத்துகள் எழுந்தன. "இது பகற்கொள்ளை. வழக்குப் போட்டு முழுத் தொகையையும் வாங்குவோம்" என்றான் தம்பி. "இரும்பும் கண்ணாடியும் அழியும் பொருள்கள். அவற்றுக்காக மனத்தில் சினத்தை வளர்ப்பதா? கொடுத்ததை வாங்கிக்கொண்டு விடுங்கள்" என்றார் அத்தை. இருவர் சொல்லிலும் அறத்தின் வாசனை இருந்தது. ஆயினும் இருவரும், நாமும்கூட, பாலிசித் தாளை ஒரு முறையேனும் படித்துப் பார்த்திருக்கவில்லை. எது நமக்கு உரியது என்பதையே அறியாமல் உரிமை பேசுவதும் வீண். துறவு பேசுவதும் வீண்.

பற்றும் உரிமையும்

முதலில் அத்தையின் கருத்தை எடுத்துக்கொள்வோம். பொருளின்மீது கொள்ளும் மூர்ச்சையே பரிக்கிரகம் என்பது நம் ஆசாரியர்கள் கண்ட முடிபு. சிராவகன் பொருளைத் துறந்தவன் அல்லன். அதற்கு வரையறை செய்துகொண்டவன். அந்த வரையறைக்குள் நேர்மையாய் ஈட்டியதைக் காத்துக்கொள்ளவும், அதனால் இல்லறத்தையும் தானத்தையும் நடத்தவும் அவனுக்கு இடமுண்டு. ஆகவே உரிய தொகையைக் கேட்பதனாலேயே ஒருவன் உலோபி ஆகிவிடமாட்டான். கேட்கும்போது அவன் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பதே கவனிக்கத் தக்கது.

நம் உள்ளத்தை அன்று சோதித்தபோது நான்கு கஷாயங்களும் வரிசையாய் அமர்ந்திருக்கக் கண்டோம். சர்வேயர் மீது குரோதம். "நம்மையே ஏமாற்றுவதா" என்ற மானம். பழைய நசுங்கலைச் சேர்த்த மாயை. முழுத் தொகையும் வேண்டுமென்ற உலோபம். இவற்றை வைத்துக்கொண்டு வாதாடினால் வென்றாலும் வினைக்கட்டே மிஞ்சும். இவை நீங்கிய பின்னும் ஒரு தொகை நமக்கு உரியதாய் நிற்குமானால், அதனைக் கேட்பதில் குற்றமில்லை. அப்படி ஒன்று நிற்கிறதா என்று காண்பதற்குக் கணக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கணக்குக் காட்டிய உண்மை

நம் நாட்டில் மோட்டார் காப்பீட்டுக்கு 2002ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தேய்மான அட்டவணை ஒன்றுண்டு. வழக்கமான பாலிசியில் அது அச்சிடப்பட்டே இருக்கிறது. புதிய பாகம் மாற்றும்போது ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு விலையில் 50 விழுக்காடு கழிக்கப்படும். பைபர் பாகங்களுக்கு 30 விழுக்காடு. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு ஏறும்: ஐந்து முதல் பத்து ஆண்டு வரை 40 விழுக்காடு, பத்தாண்டுக்கு மேல் 50 விழுக்காடு. பெயின்ட் பொருளின் விலையில் பாதி கழியும். தேய்மானம் கழிக்காத திட்டமும் உண்டு. அதற்குக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். நாம் கட்டவில்லை. கட்டாத பணத்துக்குரிய பயனைக் கேட்பது, வாங்காத சரக்குக்குக் கூடை நீட்டுவது போன்றதே.

அட்டவணையையும் சர்வேயரின் அறிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். மதிப்பீட்டில் உலோகப் பாகங்கள் ரூ. 30,000, பிளாஸ்டிக், ரப்பர் ரூ. 22,000, கண்ணாடி ரூ. 8,400, பெயின்ட் ரூ. 4,000; வேலைக் கூலி ரூ. 16,000, பின் கதவு ரூ. 6,000.

பிளாஸ்டிக்கிலும் பெயின்டிலும் சர்வேயர் பாதியைக் கழித்தது ஒப்பந்தப்படி சரியே. பின் கதவை முழுவதும் நீக்கியது மிகவும் சரி. அவர் கண் நம் மௌனத்தைவிட நேர்மையாய் இருந்தது. ஆனால் உலோகத்துக்கு 40 கழிக்க வேண்டிய இடத்தில் 50 கழித்திருந்தார்; அதனால் ரூ. 3,000 குறைந்தது. கழிக்கவே கூடாத கண்ணாடியில் பாதியைக் கழித்திருந்தார், அதனால் ரூ. 4,200 குறைந்தது. கூலியைக் காரணம் கூறாமல் ரூ. 12,000 ஆக்கியிருந்தார், அங்கே ரூ. 4,000. ஆக, மூன்று இனங்களிலும் சேர்த்து ரூ. 11,200. கட்டாயக் கழிவான ரூ. 1,000 இரு கணக்குக்கும் பொதுவானது.

நிறுவனம் நமக்கு ரூ. 43,200 குறைத்துவிட்டது என்று கொதித்திருந்தோம். உண்மையான வழக்கோ ரூ. 11,200 மட்டுமே. எஞ்சிய ரூ. 32,000 நம் அறியாமைக்கும் ஆசைக்கும் உரியது.

இதோடும் முடியவில்லை. கூலிக்கு விவரம் கேட்கப் பட்டறைக்குச் சென்றோம். அந்த ரூ. 16,000இல் ரூ. 2,000 பின் கதவைத் தட்டிச் சரிசெய்யும் கூலி என்பது அங்கேதான் தெரிந்தது. "கூலியைப் பிரித்தெழுத வேண்டாம் சார், மொத்தமாக இருந்தால் யாருக்கும் தெரியாது" என்றார் பட்டறைக்காரர். யாருக்கும் தெரியாது என்பது உண்மையே. நமக்குத் தெரியும் என்பதும் உண்மை.

இரண்டு படிகள்

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் விரதங்களையும், அவற்றை மாசுபடுத்தும் அதிசாரங்களையும் கூறுகிறது. கள்ளாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களில் ஒன்று ஹீனாதிக மானோன்மானம். வாங்கும்போது பெரிய படியாலும் விற்கும்போது சிறிய படியாலும் அளப்பது என்பது அதன் பொருள். நெல்லையும் வேர்க்கடலையையும் அளந்து வாழ்ந்த நம் முன்னோர்க்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. இன்று மரக்காலும் படியும் வழக்கொழிந்து வருகின்றன. ஆனால் இரட்டைப் படி ஒழியவில்லை, காகிதத்துக்குள் புகுந்துகொண்டது.

காரின் வயது ஐந்தாண்டைக் கடந்தால் அதன் காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வது முறை. முந்திய புதுப்பிப்பின்போது முகவர் ரூ. 2,40,000 என்று எழுத முன்வந்தார். பிரீமியம் குறையட்டும் என்று ரூ. 1,90,000 எழுதச் சொன்னவர்கள் நாமே. கார் முழுவதும் அழிந்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? "சந்தையில் இரண்டரை இலட்சம் பெறும் வண்டிக்கு இவ்வளவுதானா?" என்று கேட்டிருப்போம். பணம் கட்டும்போது சிறிய படி, பணம் வாங்கும்போது பெரிய படி. நிறுவனம் பெரியது என்பதனால் நம் கையிலுள்ள இரட்டைப் படி ஒற்றைப் படி ஆகிவிடுமா?

தீ விபத்துக் காப்பீட்டில் இதற்கு நேரடியான தண்டனையே உண்டு. கிடங்கில் பத்து இலட்சம் ரூபாய் சரக்கு இருக்க, ஐந்து இலட்சத்துக்கே காப்பீடு செய்த வணிகருக்கு இரண்டு இலட்சம் ரூபாய்ச் சரக்கு எரிந்தால், ஒரு இலட்சமே கிடைக்கும். மற்றப் பாதிக்கு அவரே பொறுப்பு என்று சராசரி விதி கூறுகிறது. அவ்வாறு பெற்றவர்கள் நிறுவனம் ஏமாற்றியதாகவே ஊரில் சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் அளந்த படியே அவர்களிடம் திரும்பி வந்தது என்பதை யார் எடுத்துச் சொல்வது?

"அவர்கள் குறைப்பார்கள் என்பதால் நாம் கூட்டுகிறோம்" என்பது வழக்கமான சமாதானம். "இவர்கள் கூட்டுவார்கள் என்பதால் நாம் குறைக்கிறோம்" என்று எதிர்ப்புறமும் சொல்லக் கூடும். இந்த இரு பொய்களுக்கும் இடையில் உள்ளதை உள்ளபடி சொல்பவன்தான் நசுங்குகிறான். பொய்யாமை அங்கே நட்டத்தைத் தரும் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். விரதம் என்பதே அந்த நட்டத்துக்கு உடன்படுவதுதானே? மேலும், காப்பீட்டு நிதி வானத்திலிருந்து வருவதன்று. நம்மைப் போன்ற பல்லாயிரம் குடும்பங்கள் கட்டிய பிரீமியமே அது. கூட்டி எழுதிய ரசீதால் நாம் எடுப்பது முகம் தெரியாத ஓர் அயலாரின் பணம். பொய்யாமை விரதத்தின் அதிசாரங்களில் கூடலேகக் கிரியை, அதாவது பொய்ப் பத்திரம் எழுதுதல், இடம்பெறுவதும் இதற்காகத்தான்.

அடைக்கலப் பொருள்

அதே வரிசையில் நியாசாபகாரம் என்ற அதிசாரமும் உண்டு. அடைக்கலமாகப் பொருள் வைத்தவர் அதன் அளவை மறந்து குறைத்துக் கேட்கும்போது, வாங்கி வைத்தவர் உண்மை அறிந்தும் "ஆம், அவ்வளவுதான்" என்று சொல்லிக் கொடுத்துவிடுவது இக்குற்றம் என உரையாசிரியர்கள் விளக்குவர். வாயால் பெரும் பொய் எதுவும் சொல்லப்படவில்லை. கேட்டதைக் கொடுத்தாயிற்று. ஆயினும் பிறர் அறியாமையைத் தன் ஆதாயமாக்கியதால் அது வாய்மைக்கு இழுக்காகிறது.

காப்பீட்டுக்கு இதனினும் பொருத்தமான உவமை வேறில்லை. அட்டவணை நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கண்ணாடிக்குக் கழிவில்லை என்பதைப் பாலிசிதாரர் அறியார். அறியாதவர் குறைத்துப் பெற்றுச் செல்லும்போது, அறிந்தவர் வாளாவிருந்தால் அது அடைக்கலத்தைக் குறைத்துக் கொடுத்தது போலாகும். உலகச் சட்டமும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1766ஆம் ஆண்டு இங்கிலாந்தில், சுமத்ரா தீவின் ஒரு கோட்டைக்குச் செய்த காப்பீடு பற்றிய கார்ட்டர்–போம் வழக்கில் மேன்ஸ்பீல்டு பிரபு, காப்பீட்டில் நன்னம்பிக்கை இரு தரப்புக்கும் உரியது என்றும், தாம் மட்டும் அறிந்ததை மறைத்து எதிர்த்தரப்பின் அறியாமையைப் பயன்படுத்துவது எவருக்கும் தகாது என்றும் தீர்ப்பளித்தார்.

இரு தரப்புக்கும் என்னும் சொல்லை நாம் இங்கே நினைவுகொள்ள வேண்டியிருந்தது. பின் கதவுக்கான கூலி ரூ. 2,000 விஷயத்தில் அறிந்தவர் நாம், அறியாதவர் நிறுவனம். நாம் மௌனமாய் இருந்தால் நிறுவனத்தின்மீது சுமத்த நினைத்த அதே குற்றம் நம்மைச் சேரும். எனவே நம் கோரிக்கையை ரூ. 11,200இலிருந்து ரூ. 9,200 ஆக்கிக்கொண்டோம்.

வாதாடும் முறை

வாதாடத்தான் வேண்டும் என்று தெளிந்த பின், எவ்வாறு என்ற வினா எழுந்தது. சர்வேயர் என்பவர் 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தின்படி உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர். அவருடைய அறிக்கைக்கு மதிப்பு உண்டு. எனினும் அதுவே இறுதிச் சொல் அன்று. தக்க காரணம் இருந்தால் அதனின்று விலகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டு ஒரு லாரி விபத்து வழக்கில் கூறியுள்ளது. அறிக்கையின் படியை நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம்.

நிறுவனம் அனுப்பிய ரசீதில், "முழுமையும் இறுதியுமான தீர்வாக மனநிறைவுடன் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சிட்டிருந்தது. மனநிறைவு இல்லாதபோது அதன்கீழ்க் கையெழுத்திடுவதும் ஒரு பொய்யே. பணம் சீக்கிரம் வரட்டும் என்று எத்தனை பேர் அப்பொய்யை எழுதுகிறோம்! கேட்பில் உள்ள தொகையைக் குறிப்பிட்டு, மறுப்புக்கு உட்பட்டே பெறுகிறோம் என்று எழுதிக் கையெழுத்திட்டோம்.

பின்னர் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதினோம். முதல் பத்தியில், பின் கதவு இவ்விபத்தில் சேதமடைந்ததன்று, அதனைச் சேர்த்தது நம் தவறு, அதற்குரிய கூலி ரூ. 2,000உம் நமக்கு வேண்டா என்று எழுதினோம். இரண்டாம் பத்தியில் மூன்று இனங்களையும் அட்டவணையின் வரிகளோடு குறித்தோம். சர்வேயர் வேண்டுமென்றே குறைத்தார் என்று எழுதவில்லை. அறிந்து செய்தாரா, அயர்ந்து செய்தாரா என்பதை நாம் அறியோம். அறியாத ஒன்றைக் குற்றமாய்ச் சாட்டுவதும் பொய்யின்பாற்படும். முதல் பத்தியைப் படித்த தம்பி, "எதிராளி கையில் நாமே கத்தியைக் கொடுக்கிறோம்" என்று வருந்தினான். அந்த அச்சம் நமக்கும் இருந்தது. மோசடிக் கோரிக்கை என்று சொல்லி முழுவதையும் மறுத்துவிட்டால் என் செய்வது என்று இரண்டு இரவுகள் உறக்கமின்றிக் கழிந்தன.

அவ்வாறு நேரவில்லை. மூன்றாம் வாரத்தில் விடை வந்தது. உலோகத்திலும் கண்ணாடியிலும் நேர்ந்த பிழைகளை ஏற்று ரூ. 7,200 அனுப்பினார்கள். எஞ்சிய கூலி ரூ. 2,000 மட்டும் தங்கள் விகிதத்துக்கு மேற்பட்டது என்று மறுத்தார்கள்.

ஒரு சிறு தொகையும் ஒரு பெரிய ஐயமும்

இதற்கு மேலும் வழி இருந்தது. நிறுவனத்தின் விடை நிறைவு தராவிடினும், ஒரு மாதம் விடையே வராவிடினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டா. 2023ஆம் ஆண்டு முதல் ஐம்பது இலட்சம் ரூபாய் வரை அவர் விசாரிக்கிறார். அவர் அளிக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். தமிழகத்துக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் சென்னையில் உள்ளது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் செல்லலாம்.

நாம் செல்லவில்லை. அந்த ரூ. 2,000 நமக்குரியது என்று இன்றும் கருதுகிறோம். ஆயினும் அதனை விட்டுவிட்டோம். தன்னுடையது என்று அறிந்து விடுவது துறவின் பாற்பட்டது. அறியாமல் இழப்பது வெறும் இழப்பு. இந்த வேறுபாடு விளங்கியபோது அத்தை முதலில் கூறிய சொல்லின் ஆழமும் நமக்குப் புலனாயிற்று. விடுவதற்கும் முதலில் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் தம்பி கேட்ட ஒரு கேள்விக்கு நம்மிடம் இன்றும் நிறைவான விடை இல்லை. "நமக்கு இரண்டாயிரம் சிறிது. நாம் விட்டுவிட்டதால் அந்த விகிதம் அப்படியே நிற்கிறது. அடுத்து வருபவர் கணவனை இழந்து ஒரு ஸ்கூட்டியை நம்பிப் பிழைக்கும் தாயாக இருந்தால், அவரிடமும் அதே விகிதத்தில்தானே வெட்டுவார்கள்? நம் துறவுக்கு விலை கொடுப்பவர் யார்?" என்றான். தனக்குரியதைத் துறக்க ஒருவனுக்கு உரிமையுண்டு. பிறர்க்குரியதையும் சேர்த்துத் துறக்க உரிமையில்லை. நாம் செய்தது முன்னதா, பின்னதா? சில நாட்கள் ஒன்றாகவும் சில நாட்கள் மற்றொன்றாகவும் தோன்றுகிறது. அந்த ஐயத்துக்கு ஒரு சிறு ஈடாகவே, அட்டவணையையும் வழிமுறையையும் இங்கே விரிவாய் எழுதினோம். நம் குடும்பங்களில் எவரும் உரியதை அறியாமையால் இழக்க வேண்டா. உரியதல்லாததைத் தந்திரத்தால் பெறவும் வேண்டா.

அடுத்த புதுப்பிப்பின்போது முகவர் வழக்கம்போல், "மதிப்பைக் கொஞ்சம் குறைத்து எழுதட்டுமா? பிரீமியம் மிச்சமாகும்" என்றார். அவ்வாண்டில் அவ்வண்டி சந்தையில் என்ன விலை பெறுமோ அதையே எழுதச் சொன்னோம். பிரீமியம் சற்றுக் கூடியது. கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபோது அத்தை ஒன்றும் சொல்லவில்லை. தம்பி ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பாலிசிக் கோப்பில் வைத்தான்.

அறம் வளர்க!